அப்பாவின் முட்டியும் ரெண்டாம் ஷிப்டும்

மைன்ஸுக்குப் போகும் ரெண்டாம் ஷிப்ட் பஸ் எங்கள் பிளாக் முனையில் திரும்பும்போது ஒரு சத்தம் வரும். டிரைவர் கியர் மாற்றுவார், ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாக நடுங்கும். அன்றைக்கு மதியம் மடியில் லேப்டாப்பும் கையில் தயிர்சாதத் தட்டுமாக நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கட்டிலின் ஓரத்தில், ஆபரேஷன் ஆன வலது காலை விறகுக்கட்டை மாதிரி முன்னால் நீட்டி வைத்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் திரும்பியது. சத்தம் வந்தது. அப்பாவின் கண் திறக்கவில்லை. ஆனால் கால் கிளம்பியது. சாவகாசமாகத் தரையில் வழுக்கிக்கொண்டு பின்னால் போய், கட்டிலுக்கு அடியில் ஷூவைத் தேடியது.

முட்டி மடங்கியிருந்தது.

அன்று காலையில்தான் பிசியோதெரபி அக்கா வந்து கெஞ்சிப் பார்த்து, மிரட்டிப் பார்த்து, கடைசியில் தன் பையைத் தூக்கிக்கொண்டு, "சார், இது உங்க கால்தான் சார், என் கால் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் இருந்தவரை இம்மிகூட அசையாத முட்டி அது. நான் தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். குதிகால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அந்த நேரம் பார்த்து அப்பா விழித்துக்கொண்டார். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ஐயய்யோ!"

கால் மறுபடியும் விறகுக்கட்டை.

"என்னப்பா, வலிச்சுதா?"

"வலிக்கல. ஆனா மடங்கியிருந்துச்சே!"

அந்தப் பதிலில்தான் எனக்குப் பொறி தட்டியது. முட்டிக்கு ஒரு பயமும் இல்லை. பயமெல்லாம் அப்பாவுக்கு. அதிலும், வீட்டில் உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கு. டூட்டிக்குக் கிளம்புகிற அப்பாவுக்கு அது கிடையாது. அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரிட்டயர் ஆன மனுஷனை மறுபடியும் டூட்டியில் போட வேண்டும்.

நான் இப்படிச் சட்டென்று ஒன்றைப் பிடித்துக்கொள்கிறவள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்கிற வேலை எனக்கு. அது என் விரல்களுக்கு மட்டும்தான் போதுமானது. மிச்சமிருக்கும் சுறுசுறுப்பை வைத்துக்கொண்டு போன வருஷம் பின்பக்கக் குளியலறையில் காளான் வளர்த்தேன். காளான் வந்தது. அதோடு வேறு என்னென்னவோவும் வந்தன. அம்மா இரண்டு மாதம் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் குளித்தாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் மைன்ஸில் மண் வாருகிற ராட்சத மிஷின் ஓட்டியவர். ஒரு வீடு உயரத்துக்குச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள், அதற்கு மேலே ஒரு கண்ணாடி கேபின், கேபினுக்குள் அப்பா. ஆயுசில் பாதியை அங்கேதான் உட்கார்ந்து கழித்தார். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸ் அம்மாவின் பேருக்கு மாறிவிட்டது. அம்மாவுக்குக் கம்பெனி ஆபீசில் இன்னும் சர்வீஸ் இருக்கிறது. ஆக, ரிக்கார்டுபடி அப்பா இப்போது அம்மாவின் டிபென்டன்ட். சாம்பாரில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால், "டிபென்டன்ட்டெல்லாம் கம்ப்ளெயின்ட் குடுக்க முடியாது" என்பாள்.

முட்டி தேய்ந்து, கழிப்பறைக்குப் போக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலை வந்தபிறகுதான் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் ஆயிற்று. இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க ஊசி போட்டிருந்தார்கள். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டதும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லையாம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரிடம், "சார், பேரிங்தான ஏத்துறீங்க? நேரா உக்காந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். "உக்காந்துச்சுங்க" என்றாராம் டாக்டர். "கிரீஸ்?" என்றாராம் அப்பா. அதற்கப்புறம் தூங்குவதற்கும் ஒரு ஊசி போட்டுவிட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிரச்சினை வீட்டுக்கு வந்தபிறகு. முட்டியை மடக்கி மடக்கிப் பழக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு சொந்தக் கொள்கை இருந்தது. புது மிஷின் வந்து இறங்கினால் எடுத்த எடுப்பில் லோட் போடக் கூடாது, முதலில் சும்மா விட வேண்டும், எல்லாம் செட் ஆக வேண்டும்.

"இது மிஷின் இல்லப்பா."

"இரும்புதான உள்ள வச்சிருக்கான்? அப்புறம் மிஷின் இல்லாம என்ன?"

இப்படி அவர் செட் ஆகவிட்டுக்கொண்டே இருந்ததில் முட்டி நன்றாகவே செட் ஆகிவிட்டது, நீட்டின வாக்கில். பார்க்க வந்தவர்கள் வேறு தங்கள் பங்குக்கு உதவினார்கள். சாத்துக்குடியை டீப்பாயில் வைத்த கையோடு, ஆளுக்கொரு தலையணையை அப்பாவின் முட்டிக்கு அடியில் செருகி, "இப்ப சொகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடியில் தலையணை வைக்கவே கூடாது என்று பிசியோ அக்கா சொல்லியிருந்தார். நான் ஒன்றை உருவுவேன், அடுத்த வீட்டு ஆன்ட்டி இரண்டு வைப்பார்.

என் தாய்மாமாவும் வளையமாதேவியிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி. சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததில் அவருடைய நெல்லுக்கழனியும் போனது. அப்பாவிடம் அவருக்குக் கோபமென்று சொல்ல முடியாது. ஆனால் எப்போது வந்தாலும் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு குத்து குத்தினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கட்டில் ஓரத்தில் நின்று தையல் போட்ட கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊரு நெலத்தையெல்லாம் தோண்டிக்கினு இருந்தீங்க மாமா. இப்ப உங்களையே தோண்டிட்டாங்களே."

"வாய்யா. உக்காரு."

"பழைய முட்டிய எடுத்துட்டாங்களே, அதுக்கு மாத்து எடம் எங்கனா காட்டுனாங்களா? வூட்ல ஒருத்தருக்குப் பெர்மனண்ட் வேலை?"

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் குலுங்கினார். குலுங்கியதில் முட்டி வலித்து, "டேய், சிரிக்க வைக்காதடா" என்று கெஞ்சினார். மாமாவுக்குத் திருப்தி. அம்மா இலை போட்டாள்.

சிரிப்பெல்லாம் சரி, அடுத்த செக்கப் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு முட்டி தொண்ணூறு டிகிரி, அதாவது நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் முட்டிக்கு நேர் கீழே வருகிற அளவுக்காவது மடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு மயக்கம் கொடுத்து அவர்களே மடக்கிவிடுவார்கள். இதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. வலியை நினைத்து இல்லை.

"நான் மயங்கிக் கெடக்கறப்ப இன்னொருத்தன் வந்து என் கால ஓட்டுறதா?" என்றார். தான் சீட்டில் இருக்கும்போது மிஷினை இன்னொருத்தர் தொட விட்டுப் பழகாத ஆள். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்தபிறகு எனக்கும் அந்தத் தொண்ணூறு டிகிரியைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை.

இந்த நிலைமையில்தான் ரெண்டாம் ஷிப்ட் பஸ் வந்து எனக்கு வழிகாட்டியது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பரண்மேலிருந்து அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்டை இறக்கித் துடைத்தேன். கை வைத்த மர நாற்காலியை ஹால் ஜன்னலோரம் ரோட்டைப் பார்த்துப் போட்டேன். தரையில் டால்கம் பவுடர் தூவினேன், குதிகால் வழுக்கிப் போவதற்கு. என் பழைய சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி ஒரு பலகையில் பொருத்தி நாற்காலிக்கு அடியில் வைத்தேன். குதிகாலைப் பின்னால் இழுத்தால் மணியின் நாக்கில் படும், மணி அடிக்கும். அடித்துப் பழகப் பழக மணிப் பலகையும் பவுடரில் வழுக்கிப் பின்னால் போகும். இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

அப்பா சுற்றி வந்து பார்த்தார். சுற்றி வந்து என்றால், வாக்கரைத் தள்ளிக்கொண்டு.

"என்ன இது? பெடலா?"

"ஆமாப்பா. டூட்டி."

"எங்க மிஷின்ல ஏது பெடல்? எல்லாம் கைலதான். தெரியாம எதையாவது பண்ணாத."

என் முகம் தொங்கிப்போனது. ஆனால் வாய் தொங்கவில்லை. "மிஷினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஹாரன் குடுக்கணும். கீழ ஆள் இருப்பான். ஹாரன் குடுக்காம ஒரு வாளிகூட சுத்தக் கூடாது."

"அதான்ப்பா இது. ஹாரன்."

அப்பா யோசித்தார். சேஃப்டி என்று வந்துவிட்டால் அவரால் மறுக்க முடியாது. ஹெல்மெட்டை வாங்கி, உள்ளே பட்டையைச் சரிசெய்து, மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முகமே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. கை இரண்டும் நாற்காலிக் கைகளில் தாமாகவே போய் உட்கார்ந்தன. குதிகால் பின்னால் நகர்ந்தது. பல்லைக் கடித்தார். மணி அடித்தது. "கிளியர்!" என்று கத்தினார். அடுத்த வீட்டு ஆன்ட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஹாரன் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரை போட ஹாரன், டி.வி. போட ஹாரன். அம்மா ரசம் ஊற்றப் போனால், "இரு இரு" என்று காலை இழுத்து மணியடித்து, "இப்ப ஊத்து" என்பார். பிசியோ அக்கா வந்து ஏற இறங்கப் பார்த்தார். கோணம் அளக்கிற பிளாஸ்டிக் ஸ்கேலை முட்டியில் வைத்தார்.

"பரவால்லையே. அசைஞ்சிருக்கு. யாரு ஐடியா?"

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நகத்தைப் பார்த்தேன்.

"ஆனா ரொம்ப நேரம் உக்கார வைக்காதம்மா. நடுநடுவுல எழுந்து நடக்கணும். ஐஸ் வைக்கணும். புரியுதா?"

புரிந்தது. புரிந்தது என்று சொன்ன அன்றைக்கே எனக்கு ஆபீஸ் மீட்டிங் வந்தது. அப்பாவை மதியம் நாற்காலியில் உட்கார வைத்து, "கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து நடங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. அவ்வப்போது மணிச் சத்தம் கேட்டது. என் கண்டுபிடிப்பின் அழகு என்று நினைத்துப் பூரித்துக்கொண்டேன். அம்மா ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது போட்ட சத்தத்தில்தான் வெளியே வந்தேன்.

அப்பா ஹெல்மெட்டோடு, மதியம் உட்கார்ந்த அதே நிலையில் உட்கார்ந்திருந்தார். பாதம் பலாக்கொட்டை மாதிரி வீங்கிப் பளபளத்தது. பாத்ரூம்கூடப் போகவில்லையாம்.

"என்னாடி பண்ணிக்கினு இருந்த உள்ள? இவரு எந்நேரமா இப்படியே குந்திக்கினு இருக்காரு?"

"எழுந்து நடக்கச் சொன்னேனேம்மா! அப்பா, ஏம்ப்பா எழுந்திருக்கல?"

அப்பா என்னை ஒரு புது அப்ரண்டிஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரிலீவர் வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைன்ஸில் இது ஒரு வழக்கம். அடுத்த ஷிப்ட் ஆள் கேபினுக்கு ஏறி வந்து கையில் வாங்கிக்கொள்கிறவரை ஆபரேட்டர் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மழையோ வெயிலோ, ரிலீவர் வராவிட்டால் அடுத்த ஷிப்டும் இவர் தலையில்தான். நான் அப்பாவை டூட்டியில் போட்டேனே தவிர, டூட்டியிலிருந்து இறக்குவதற்கு ஆள் போடவில்லை.

அம்மாவுக்குப் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. "நீ பொறந்தப்பயும் இதே கததான்டி. அங்க நான் வலில கத்திக்கினு கெடக்கறேன். ஆள் அனுப்புனா, ரிலீவர் வரலைன்னு பதில் வருது. மறுநா காலைல வந்து, என்ன கொழந்தைன்னு கேக்கறாரு!"

"மழை. சேத்தியாத்தோப்புல தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சு. அவன் பஸ்ஸு வரல" என்றார் அப்பா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

"மழையாம். மத்தவனெல்லாம் எப்பிடி வந்தான்?"

அந்த ரிலீவர் தாமதத்துக்குப் பேர் போனவர். மழை இல்லாவிட்டாலும் லேட்டாகத்தான் வருவாராம். எப்போது கேட்டாலும் பஸ் பஞ்சர் என்பாராம்.

அம்மா ஹெல்மெட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். "காளான் கத மாதிரி ஆக்கிப்புடாத" என்று எனக்கு ஒரு எச்சரிக்கை. மறுநாள் பிசியோ அக்கா ஸ்கேலை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வீக்கத்தில் முட்டி பழையபடி இறுகியிருந்தது. செக்கப்போ இன்னும் நெருங்கியிருந்தது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்பாவின் கால் அசையவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே கேட்டார்: "ஹாரன் எங்க வச்சிருக்க?"

அம்மா ஆபீசிலிருந்து வந்ததும் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஷிப்டை மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனால் இந்த முறை ரிலீவரோடு. நான் ரிலீவராக இருக்கிறேன் என்றதற்கு அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்கு மிஷின் தெரியாது." அம்மாவை முன்மொழிந்தேன். "அவ ஆபீஸ் ஸ்டாஃப்." கடைசியில் யாரைக் கூப்பிடுவது என்று மூன்று பேருக்குமே தெரிந்துவிட்டது. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அந்த ஆளையா?"

அந்தப் பழைய ரிலீவரும் ரிட்டயர் ஆகி, டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும், "வர்றேன்மா. நாளைக்கே வர்றேன். என் முட்டிங்களும் போச்சு. ஆபரேஷன்னா பயமா இருக்கு. இவரு எப்படி இருக்காருன்னு பாத்தாப்பல இருக்கும்" என்றார். நேரம் சொன்னேன். "டாண்ணு வந்துடுவேன்" என்றார்.

டாண்ணு வரவில்லை. அப்பா ஹெல்மெட்டோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டி.வி.எஸ். போனது, அவர் இல்லை. ஒரு ஆட்டோ போனது, அவர் இல்லை. "பாத்தியா? மாறவே இல்ல பாத்தியா?" என்று ஒவ்வொரு வண்டிக்கும் குதிகாலைச் சுரீரென்று பின்னால் இழுத்து மணியை அடித்தார். முதலில் எனக்குப் பயமாக இருந்தது, மறுபடியும் வீங்கிவிடுமோ என்று. அப்புறம் குனிந்து பார்த்தேன். கோபத்தில் அப்பா முட்டியை மறந்திருந்தார். மணி அசைந்து அசைந்து பின்னால் நகர்ந்திருந்தது, குதிகாலும் கூடவே போயிருந்தது.

ரிலீவர் அங்கிள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஆடி ஆடி, கேட்டைப் பிடித்து, சுவரைப் பிடித்து உள்ளே வந்தார்.

"ஏன்யா லேட்டு?"

"பஸ் பஞ்சர்."

"யோவ், ஸ்கூட்டர்ல வந்து எறங்கறான் ஆளு!"

"பழக்கத்துல வந்துடுச்சுப்பா, விடு. என்ன கண்டிஷன் சொல்லு."

அப்பா சட்டென்று சீரியஸ் ஆனார். ஷிப்ட் மாறும்போது மிஷினின் நிலவரத்தை வாயால் சொல்லி ஒப்படைப்பார்கள். "வலது பக்கம் புது பேரிங். சத்தம் இல்ல. சூடு லேசா இருக்கு. சாயங்காலமானா வீக்கம் ஏறுது, ஐஸ் வைக்கணும். ரிவர்ஸ்ல மட்டும் புடிக்குது."

"இடது?"

"அது பழசு. அது அதும்பாட்டுக்கு ஓடுது."

"சரி, எறங்கு. நான் பாத்துக்கறேன்."

அப்பா எழுந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துப் பலாமரம்வரை போய்த் திரும்பினார். திரும்பும்போதும் நடந்துகொண்டேதான் திட்டினார். அம்மா வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த அங்கிளுக்குக் காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "அண்ணே, அன்னிக்கு நெசமா மழைதானா?" என்று கேட்டாள். அவர் காபியை ஊதிக்கொண்டே இருந்தார்.

இப்படியே ஓடியது. அவர் தினமும் வந்தார், தினமும் லேட்டாக. அப்பா தினமும் கொதித்தார், முட்டி தினமும் கொஞ்சம் இளகியது. பிசியோ அக்கா ஸ்கேலைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு விரல்கடை. அவ்ளோதான்" என்றார். என் மூளை உடனே வேலை செய்தது. அளவாக லேட் என்றாலே இவ்வளவு என்றால், இன்னும் கொஞ்சம் லேட் என்றால்? செக்கப்புக்கு முந்தின நாள் அங்கிளுக்கு ரகசியமாகப் போன் செய்தேன்.

"அங்கிள், இன்னைக்கு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் லேட்டா வர முடியுமா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தார்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நான் என்ன வேணும்னேவா லேட்டா வர்றேன்?"

அன்றைக்கு அவர் ஷிப்டுக்கு முன்னாடியே வந்துவிட்டார். தலை வாரி, சட்டையை இன் பண்ணி, நெற்றியில் விபூதியோடு. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகூட முடிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையாய்யா?" என்றார். அதற்கப்புறம் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் மரியாதையாக, "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கேங்க" என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு மணி அடிக்கவே இல்லை. ஒரு விரல்கடை அப்படியே நின்றது.

பாண்டிச்சேரிக்குக் காரில் அங்கிளும் வந்தார், தன் முட்டிகளையும் டாக்டரிடம் காட்டுவதற்கு என்று. நான் மணிப் பலகையை டவலில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஆச்சரியமாக, டவலை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டாள்.

டாக்டர் அறையில் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, "எங்க, மடக்குங்க பாக்கலாம்" என்றார்கள். அப்பா மடக்கினார். கொஞ்சம் போனது, நின்றது. நெற்றியில் வியர்வை. டாக்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் வேணுமே..." என்று இழுத்தார். அப்பா திரும்பி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அவன் எங்க?"

"யாரு சார்?"

"என் ரிலீவர் சார். இப்ப இங்கதான் நின்னான்."

"டீ குடிக்கப் போனாருப்பா" என்றேன் நான்.

"டீயா? இந்த நேரத்துலயா? நான் இங்க மாட்டிக்கினு கெடக்கறேன், அவனுக்கு டீ கேக்குதா? அன்னிக்கும் இப்படித்தான் எங்கயோ டீ குடிச்சிக்கினு இருந்திருப்பான்! மழையாம், பஞ்சராம்! என் பொண்ணு பொறந்தப்ப மூஞ்சிகூடப் பாக்க விடல சார் இவன்!"

அம்மா வாயைப் பிளந்துகொண்டு அப்பாவைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக மழை, மழை என்று அவருக்காக வாதாடிய மனுஷன். அப்பாவின் வாயில் அம்மாவின் ஊர்ப் பேச்சு வந்திருந்தது. கோபம் உச்சத்துக்குப் போனால்தான் அது வரும். நான் டவலை உதறி, பலகையை நாற்காலிக்கு அடியில், ஒரு விரல்கடை தாராளமாகவே தள்ளி வைத்தேன்.

மணி அடித்தது.

டாக்டர் ஸ்கேலோடு குனிந்தார். "அப்படியே இருங்க, அப்படியே இருங்க" என்றார். தொண்ணூறு. அதற்கு மேலேயும் கொஞ்சம். மயக்க ஊசிப் பேச்சு அதோடு முடிந்தது. அம்மா முந்தானையால் அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். துடைத்ததில் அவளுடைய கண்ணும் சேர்ந்து கொஞ்சம் துடைபட்டது.

அங்கிள் டீக்கோப்பையோடு ஆடி ஆடி உள்ளே வந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, "பஸ் பஞ்சர்" என்றார்.

டாக்டர் அவரது நடையைப் பார்த்துவிட்டு, "நீங்க உக்காருங்க. எந்த முட்டி?" என்று கேட்டார்.

"ரெண்டும் சார்."

எக்ஸ்ரேயெல்லாம் எடுத்துப் பார்த்து, முதலில் இடது, அப்புறம் வலது என்று முடிவாயிற்று. அங்கிள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வீட்டுக்கு வந்தபிறகு அந்த நாற்காலியும் மணியும் ஹெல்மெட்டும் தனக்கு வேண்டும், ரிலீவராக அப்பா வர வேண்டும். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "நான் டாண்ணு வருவேன்யா" என்றார்.

காரில் திரும்பி வரும்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் விழித்திருந்தேன், ஏனென்றால் ஆபத்து எனக்குத்தான் புரிந்திருந்தது. அப்பா டாண்ணு போய் நின்றால் அங்கிளுக்குக் கோபம் எப்படி வரும்? கோபம் வராமல் முட்டி எப்படி மடங்கும்? அங்கிளின் ஆபரேஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. அதற்குள் வாழ்நாளில் ஒரு ஷிப்டுக்குக்கூடத் தாமதமாகப் போகாத எங்கள் அப்பாவை லேட்டாகக் கிளம்பப் பழக்க வேண்டும். நாளைக்கே ஆரம்பிக்கிறேன். முதல் வேலை, வீட்டிலுள்ள கடிகாரங்களை மெதுவாக ஓட வைப்பது. அது பலிக்காவிட்டால் அவருடைய ஷூவை ஒளித்து வைக்கப்போகிறேன். வீட்டுக்கு வந்து இறங்கியதும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சம்மதித்துவிட்டாள், ரொம்பச் சந்தோஷமாக.